மூத்த கால்பந்து கிளப் எது? பேட்ஜில் உள்ள ஆண்டை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: "உலகத்திலேயே பழைய கால்பந்து கிளப் ஷெஃபீல்டு எஃப்.சி. என்கிறார்கள். வேறு சிலர் நாட்ஸ் கவுன்டி என்கிறார்கள். கிரிஸ்டல் பேலஸ் சின்னத்தில் 1861 என்று போட்டிருக்கிறது. எடின்பரோவில் 1824-லேயே கிளப் இருந்ததாம். எதுதான் சரி?"

ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால்: ஷெஃபீல்டு எஃப்.சி., 24 அக்டோபர் 1857. ஃபிஃபாவும் இதைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2004-ல் தன் நூற்றாண்டை ஒட்டி ஃபிஃபா ஆர்டர் ஆஃப் மெரிட் விருது கொடுத்த கிளப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று ரியல் மாட்ரிட். இன்னொன்று, இங்கிலாந்தில் எட்டாவது அடுக்கு லீக்கில் சில நூறு பேர் முன்னால் ஆடிக்கொண்டிருக்கும் ஷெஃபீல்டு.

ஆனால் நீங்கள் சொன்ன மற்ற மூன்றையும் பொய் என்று தள்ள முடியாது. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். "பழைய கிளப்" என்று சொல்கிறவர் எந்த ஆட்டத்தைச் சொல்கிறார், நடுவில் அறுபடாமல் வந்த கிளப்பைத்தான் கணக்கில் எடுக்கிறாரா, தொடங்கிய காலத்திலேயே எழுதிய காகிதம் ஏதாவது காட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் கேட்பேன். ஐம்பது வருடம் கழித்து ஆண்டுவிழா மலரில் எழுதியது சாட்சி ஆகாது. கிளப் பேட்ஜில் இருக்கும் ஆண்டுகளில் பல அப்படி வந்தவைதான்.

முதலில் எடின்பரோ. வக்கீல் தொழில் பழகிக்கொண்டிருந்த ஜான் ஹோப் என்ற 17 வயதுப் பையன் 1824-ல் தொடங்கியது அந்த கிளப். அதன் பெயரே 'ஃபுட்பால் கிளப்'தான், ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. வேறு கிளப் எதுவும் இல்லாத காலத்தில் அடையாளத்துக்கு ஊர்ப்பெயர் எதற்கு? ஹோப் கணக்கு வழக்கில் படு கறார். உறுப்பினர் பட்டியல், சந்தா, பந்துக்கு பிளாடரும் தோலும் வாங்கிய செலவு எல்லாம் எழுதி வைத்தார். அந்தக் காகிதங்கள் இன்று ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1833-ல் எழுதிய சில விதிகளும் கிடைத்திருக்கின்றன: காலை இடறி விழ வைக்கக் கூடாது, தள்ளலாம், பிடித்து நிறுத்துவதும் குற்றமில்லை. கால்பந்து என்ற பெயரில் எங்கேயாவது ஒரு கிளப் இருந்ததற்கு இதைவிடப் பழைய, இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. ஆக, காகிதம் என்ற சோதனையில் எடின்பரோவுக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் 1841-ல் கிளப் நின்றுபோனது. 'தெரிந்தவரை முதல் கிளப்' என்ற பட்டம் அதற்குத்தான். 'இன்றும் இருக்கும் மூத்த கிளப்' என்ற பட்டம் அதற்குப் போகாது.

அடுத்து, எந்த ஆட்டம்? இங்கேதான் பட்டியல் போடுகிறவர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 'ஃபுட்பால்' என்றால் பள்ளிக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி. லண்டன் கைஸ் ஹாஸ்பிடல் கிளப் 1843 என்கிறது. அதற்கு ஆதாரம் 1883-ல் அச்சடித்த ஒரு போட்டி அட்டவணை, அதில் 'நாற்பதாவது சீசன்' என்று இருக்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி கிளப் 1854 என்கிறது. இரண்டும் ரக்பி கிளப்புகள். 1863 அக்டோபர் 26-ம் தேதி லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்ற விடுதியில் கூடி, 'எஃப்.ஏ.' என்ற கால்பந்து சங்கத்தை அமைத்தவர்களில் பிளாக்ஹீத் கிளப்பும் ஒன்று. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதை விதியில் அனுமதிக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்று, அது நடக்காமல் போனதும் அந்த வருடக் கடைசியிலேயே வெளியேறிவிட்டார்கள். பிறகு ரக்பி சங்கம் தொடங்கியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கால்பந்து சங்கத்தைத் தொடங்கிய கிளப் ஒன்று இன்று ரக்பி கிளப். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கிளப் 1859-ல் தன் விதிகளை எழுதியது. பழமை உண்டு, ஆனால் அது ஆடுவது ஆஸ்திரேலிய ஃபுட்பால்.

சரி, இப்படிக் கறாராகப் பார்த்தால் ஷெஃபீல்டே அடிபடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1857-ல் கால்பந்து சங்கமே கிடையாது. ஷெஃபீல்டு ஆடியது தன் சொந்த விதிகளை. 1863-ல் சங்கத்தில் சேர்ந்த பிறகும் ஷெஃபீல்டு ஊர் முழுக்க 'ஷெஃபீல்டு விதிகள்' என்று தனியாகவே ஓடியது. 1877-ல்தான் இரண்டும் ஒன்றானது. ஆனாலும் ஷெஃபீல்டை நான் கால்பந்து கிளப்பாகவே எண்ணுவேன். காரணம், அந்த விதிகள் ரக்பி பக்கம் போகவில்லை, இன்றைய கால்பந்துக்குள் வந்து கலந்தன. கார்னர் கிக் ஷெஃபீல்டில் 1868-ல் வந்தது, லண்டன் சங்கம் அதை 1872-ல்தான் எடுத்துக்கொண்டது.

ஷெஃபீல்டு தொடங்கிய கதையும் ரொம்பச் சாதாரணமானது. நத்தானியல் கிரெஸ்விக் ஒரு வக்கீல், வில்லியம் பிரெஸ்ட் ஒரு ஒயின் வியாபாரி. இரண்டு பேரும் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஏதாவது வேண்டுமே என்று ஆரம்பித்தது. ஈஸ்ட் பேங்க் என்ற இடத்தில் ஒருவர் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகைதான் முதல் கிளப் ஆபீஸ், பக்கத்து வயல்தான் மைதானம். எதிர்த்து ஆட வேறு கிளப் கிடையாது. என்ன செய்வது? கல்யாணம் ஆனவர்களும் ஆகாதவர்களும் மோதுவார்கள். இல்லையென்றால் வக்கீல், டாக்டர் போன்றவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம். மூன்று வருடம் இப்படியே ஓடியது. பக்கத்துக் கிராமத்தில் ஹாலம் கிளப் 1860-ல் தொடங்கிய பிறகுதான் வெளி எதிரி கிடைத்தது. அந்த வருடம் டிசம்பர் 26-ம் தேதி சாண்டிகேட் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் ஷெஃபீல்டு 2-0 என்று ஜெயித்தது. இரண்டு கிளப்புகளுக்கு நடுவில் நடந்த முதல் கால்பந்து ஆட்டம் அதுதான் என்பார்கள். ஹாலம் இன்னும் அதே சாண்டிகேட்டில் ஆடுகிறது. ஷெஃபீல்டு மைதானத்துக்கு அலைந்து அலைந்து, இப்போது பக்கத்து மாவட்டமான டர்பிஷயரில், டிரான்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. ஊர்ப்பெயர் சொல்லும் கிளப் ஊருக்கு வெளியே.

ஷெஃபீல்டின் பலம் அதன் காகிதம்தான். 1858-ல் கையால் எழுதிய விதிகள், 1859-ல் அச்சடித்த சின்னப் புத்தகத்தில் எஞ்சிய ஒரே பிரதி எல்லாம் கிளப் கையிலேயே இருந்தன. 2011-ல் மைதானத்துக்குப் பணம் திரட்டுவதற்காக சோத்பீஸ் ஏலத்தில் விற்றபோது மொத்தமாக 8,81,250 பவுண்டு கிடைத்தது. எட்டாம் அடுக்கு கிளப்புக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். தன் வயதுக்கான அத்தாட்சியையே விற்று வயிறு வளர்க்க வேண்டிய நிலை என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பத்திரம் கைமாறினாலும் வயது மாறாது.

ஷெஃபீல்டுக்கு உண்மையான சவால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். 'யுனிவர்சிட்டி ஃபுட்பால் கிளப்' விதிகள் என்று 1856 டிசம்பர் தேதியிட்ட பிரதி ஒன்று ஷ்ரூஸ்பரி பள்ளியில் பத்திரமாக இருக்கிறது. காகிதமும் ஒரு வருடம் மூத்தது, ஆட்டமும் இன்றைய கால்பந்துக்கு நெருக்கமானது. அதை எண்ணாதவர்கள் சொல்லும் காரணம், அது பல்கலைக்கழக அணி, யாரும் சேரக்கூடிய பொது கிளப் இல்லை என்பது. என் கருத்தில் அந்தக் காரணம் அவ்வளவு வலுவானது இல்லை. அன்றைய ஷெஃபீல்டிலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தவிர வேறு யார் சேர முடிந்தது? 'பல்கலைக்கழக அணிகளைத் தவிர்த்து' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு ஷெஃபீல்டைச் சொல்வதுதான் நேர்மை.

அப்புறம் நாட்ஸ் கவுன்டி. இவர்கள் பட்டம் 'உலகின் மூத்த தொழில்முறை கிளப்'. 1862 நவம்பர் 28-ம் தேதி நாட்டிங்ஹாம் பத்திரிகை ஒன்றில் வந்த குட்டிச் செய்திதான் ஆதாரம்: போன செவ்வாய்க்கிழமை கிரிமோர்ன் கார்டன்ஸில் நாட்டிங்ஹாம் ஃபுட்பால் கிளப் தன் ஆட்டத்தைத் தொடங்கியது, ஆர்க்ரைட் ஒரு அணியும் டீக்கின் ஒரு அணியும் பிரித்துக்கொண்டார்கள், டீக்கின் அணி இரண்டு கோலும் இரண்டு 'ரூஜ்' புள்ளியும் எடுத்தது. கிளப்பை முறையாக அமைத்தது 1864 டிசம்பரில்தான். ஆனாலும் 1862-லேயே அந்தப் பெயரில் ஆடியதற்கு அச்சில் சாட்சி இருப்பதால் அந்த ஆண்டு நிற்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் சம்பளம் கொடுத்து ஆட வைப்பது சட்டப்படி வந்ததே 1885-ல். ஆகவே 'மூத்த தொழில்முறை கிளப்' என்றால், இன்று தொழில்முறையாக இருக்கும் கிளப்புகளில் மூத்தது என்று பொருள். 1862-ல் யாரும் யாருக்கும் சம்பளம் தரவில்லை.

2019-ல் நாட்ஸ் கவுன்டி, இங்கிலாந்தின் தொழில்முறை லீக்கான ஃபுட்பால் லீக்கை விட்டே கீழே இறங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஃபுட்பால் லீக்கின் மூத்த கிளப் என்ற நாற்காலி காலி. ஸ்டோக் சிட்டி, எங்கள் பேட்ஜைப் பாருங்கள், 1863 என்றது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், அதெல்லாம் செல்லாது, நாங்கள்தான், 1865 என்றது. ஃபாரஸ்ட் பக்கம்தான் நியாயம். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் பழைய மாணவர்கள் ரயில்வேயில் வேலைக்கு வந்து 1863-ல் தொடங்கினார்கள் என்பது ஸ்டோக் கதை. ஆனால் 1868 செப்டம்பரில் 'தி ஃபீல்டு' என்ற பத்திரிகை, ஸ்டோக்கில் புதிதாக ஒரு கிளப் தொடங்கியிருக்கிறார்கள் என்று எழுதியது. அதற்கு முன்னால் ஆடியதாக எங்கும் ஒரு வரி இல்லை. ஐந்து வருடமாக இருக்கும் கிளப்பைப் புதிது என்று யாராவது எழுதுவார்களா? 2023-ல் நாட்ஸ் கவுன்டி திரும்பி வந்ததும் சண்டை ஓய்ந்தது.

இதற்கு நேர்மாறான கதை ரெக்ஸம். வேல்ஸ் நாட்டின் அந்த கிளப் பல வருடம் 1873 என்றே பேட்ஜில் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டியபோது 1864 அக்டோபரிலேயே டர்ஃப் ஹோட்டலில் கூடி கிளப் தொடங்கிய செய்தி கிடைத்தது. பேட்ஜில் ஆண்டை மாற்றினார்கள். தேதியைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்றதும் சந்தேகப்படத் தேவையில்லை. எதைக் காட்டித் தள்ளுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

இப்போது கிரிஸ்டல் பேலஸ். 1861-ல் அந்தப் பெயரில் ஒரு கிளப் இருந்தது உண்மை. கால்பந்து சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், முதல் எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வரை வந்தவர்கள். 1870-களின் நடுவில் அந்த கிளப் காணாமல் போனது. இன்றைய கிளப் 1905-ல் வந்தது. நடுவில் முப்பது வருடம். 2020-ல் கிளப் என்ன சொன்னது என்றால், 1861-ல் மைதானத்துக்குச் சொந்தக்காரர் கிரிஸ்டல் பேலஸ் கம்பெனி, 1905-ல் தொழில்முறை அணியை அமைத்ததும் அதே கம்பெனி, ஆகவே இரண்டும் ஒன்று, மூத்த தொழில்முறை கிளப் நாங்கள்தான். இரண்டு வருடத்தில் பேட்ஜிலும் 1861 ஏறிவிட்டது. கடைத்தெருவில் பழைய ஹோட்டல் மூடி முப்பது வருடம் கழித்து, கட்டட முதலாளி அதே பெயரில் புது ஹோட்டல் திறந்து 'முப்பாட்டன் காலத்திலிருந்து' என்று போர்டு மாட்டினால் எப்படி, அப்படித்தான் இது. கட்டடத்துக்கு வரலாறு உண்டு, சமையல்காரர் வேறு. கிளப் என்பது ஆடுகிறவர்களும் உறுப்பினர்களும் சேர்ந்தது. கம்பெனி தொடர்ந்தது என்பதற்காக முப்பது வருடம் ஆடாத கிளப் ஆடியதாக ஆகிவிடாது. வெறும் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன், கம்பெனித் தொடர்பு நிஜம். ஆனால் பட்டியலில் நான் 1905 என்றுதான் எழுதுவேன்.

அறுபட்டதா இல்லையா என்ற சண்டையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் உருகுவேக்குப் போக வேண்டும். 1891 செப்டம்பர் 28-ம் தேதி மான்டிவிடியோவில் பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனி ஊழியர்கள் ஒரு கிரிக்கெட் கிளப் தொடங்கினார்கள். அது கால்பந்துக்கு வந்து, பிற்பாடு பென்யாரோல் ஆனது. அவர்கள் பரம எதிரி நாசியோனால் தொடங்கியது 1899 மே 14. பென்யாரோல் ரசிகரைக் கேட்டால், 1913 டிசம்பரில் பெயரை மட்டும்தான் மாற்றினோம், நாங்கள்தான் மூத்தவர்கள் என்பார். நாசியோனால் ரசிகரைக் கேட்டால், 1913-ல் பிறந்தது தனி கிளப், ரயில்வே கிளப் வேறு, அது 1915-ல் கலைந்தது, ஆகவே நாங்கள்தான் மூத்தவர்கள் என்பார். ரயில்வே கிளப் ஜெயித்த லீக் பட்டங்கள் யாருக்கு என்பதும் இதற்குள்ளேயே அடக்கம், அதனால்தான் நூறு வருடமாக விட்டுக்கொடுக்க ஆளில்லை.

இங்கிலாந்தில் விம்பிள்டன் விவகாரம் இதைவிட நாகரிகமாக முடிந்தது. 1889-ல் தொடங்கிய கிளப்பை அதன் முதலாளிகள் மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குத் தூக்கிப் போனார்கள். ரசிகர்கள் 2002-ல் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று அடிமட்ட லீக்கில் புதிதாகத் தொடங்கினார்கள். சட்டப்படி பழைய கிளப்பின் இடம் போனது மில்டன் கீன்ஸுக்கு. ஆனால் அவர்களே 2007-ல் பழைய கோப்பைகளை விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் பகுதிக்குத் திருப்பிக் கொடுத்து, எங்கள் வரலாறு 2004-லிருந்துதான் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் வேறு வகைச் சிக்கல். மியூனிக் 1860, போகும் 1848 என்று பெயரிலேயே ஆண்டை வைத்திருக்கும் ஜெர்மன் கிளப்புகளைப் பார்த்து ஷெஃபீல்டை ஓரம் கட்டிவிடாதீர்கள். அவை உடற்பயிற்சிச் சங்கங்களாகத் தொடங்கியவை. மியூனிக்கில் கால்பந்துப் பிரிவு வந்தது 1899-ல். ஜெர்மனியில் இன்றும் இருக்கும் மூத்த கால்பந்து கிளப் பெர்லினின் ஜெர்மானியா, 1888. பிரேசிலின் ஃபிளமெங்கோவும் இப்படித்தான்: 1895-ல் தொடங்கியது படகு ஓட்ட, கால்பந்து பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்து வந்தது. கால்பந்து என்று பேசும்போது கால்பந்துப் பிரிவு தொடங்கிய ஆண்டையே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பெல்ஜியக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1926-ல் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பதிவு எண் கொடுத்து வைத்தார்கள். ராயல் ஆன்ட்வெர்ப் கையில் இருப்பது எண் 1. அதற்கு மேல் அங்கே பெரிய பேச்சு இல்லை.

ஸ்பெயினில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1889 டிசம்பரில் ஹுவெல்வா ஊரில் தொடங்கிய ரெக்ரியேட்டிவோதான் அங்கே மூத்த கிளப் என்பது ஊரறிந்த விஷயம். ரியோ டின்டோ சுரங்கத்துக்கு வந்த பிரிட்டிஷ்காரர்கள் ஆரம்பித்தது. செவியா கிளப் 1905 என்று தன் பேட்ஜோடு நிம்மதியாக இருந்தது. 2012-ல், பழைய பிரிட்டிஷ் பத்திரிகைகளைக் கணினியில் தேடும் வசதி வந்த சமயம், ஸ்காட்லாந்தின் 'டண்டீ கூரியர்' பத்திரிகையில் 1890 மார்ச் 17 தேதியிட்ட ஒரு செய்தி அகப்பட்டது. செவியாவில் இருக்கும் பிரிட்டிஷ் இளைஞர்கள் சிலர் ஒரு காபிக்கடையில் கூடினார்களாம். நிறையப் பேச்சும் கொஞ்சம் பியரும் ஆன பிறகு, 'கிளப் தெ ஃபுட்பால் தெ செவியா' என்று ஆரம்பித்து, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, சங்க விதிப்படியே ஆடுவது என்று முடிவும் எடுத்தார்களாம். அது 1890 ஜனவரி 25. மார்ச் 8-ம் தேதி ஹுவெல்வாவோடு ஆடி 2-0 என்று ஜெயித்தும் விட்டார்கள். இவ்வளவு சுத்தமான சாட்சி எந்த கிளப்புக்கும் எளிதில் வாய்க்காது: யார், எங்கே, என்றைக்கு, எந்த விதியில் என்று எல்லாம் அதே வருட அச்சில். செவியா இப்போது 1890 என்கிறது, கால்பந்துக்கு மட்டுமே என்று தொடங்கிய ஸ்பெயினின் முதல் கிளப் நாங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஹுவெல்வா ஒரு மாதம் மூத்தது என்பதை அது மாற்றவில்லை. 1905-ல் பதிவான செவியா 1890-ன் தொடர்ச்சிதானா என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது.

கடைசியாக, நம் நாட்டில் எது என்று அடுத்த கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். கல்கத்தா எஃப்.சி. 1872 என்று சில பட்டியல்களில் இருக்கும். அது ரக்பிக்காகத் தொடங்கியது. ஆள் குறைந்து கிளப் கலைந்தபோது வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடியும் யானை மூடியுமாக ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதும் கல்கத்தா கோப்பை அதுதான். பிறகு அந்தப் பெயரில் வந்த கிளப் கால்பந்துக்கு மாறி, 1965-ல் கிரிக்கெட் கிளப்போடு இணைந்தது. ஆக, ஆட்டமும் மாறியிருக்கிறது, நடுவில் அறுபட்டும் இருக்கிறது. கால்பந்துக்கென்றே தொடங்கி விடாமல் ஆடிவரும் பெரிய கிளப் என்றால் மோகன் பகான், 15 ஆகஸ்ட் 1889. 1911-ல் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையை ஜெயித்தவர்கள். 2020-ல் ஏ.டி.கே. என்ற, ஆறே வயதான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்போடு சேர்த்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆக்கியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். மூன்று வருடம் கத்திய பிறகு, 2023-ல் ஏ.டி.கே. போய் 'மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்' ஆனது. கம்பெனிப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் அது 2020-க்குப் பிந்தைய அணி என்று வாதாட இடம் உண்டு. ஆனால் பச்சை-மெரூன் சட்டை, பழைய கிளப், உறுப்பினர்கள் எதுவும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பேலஸுக்கு 1861 கிடையாது என்று சொன்ன அதே அளவுகோலில், இவர்களுக்கு 1889-ஐக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.